சாந்து இறுகும் வரை

தாடையைச் சேர்த்துக் கட்ட ஹெட்விகா எடுத்த கைக்குட்டைக்கு நீளம் போதவில்லை. அப்பாவின் தாடி அவ்வளவு அடர்த்தி. தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அவருடைய மோவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் இரண்டு முடிச்சுப் போட்டாள். பல்வலி வந்து படுத்திருப்பவர் மாதிரி ஆகிவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கும்மா," என்றாள் போஷ்கா. தெருவில் யார் செத்தாலும் குளிப்பாட்ட வருகிறவள் அவள்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு அவர் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இப்ப விட்டுட்டா அப்புறம் வாய் மூடாது. உயிரோட இருந்தப்பதான் மூடல."

ஹெட்விகாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சுவர்க்கடிகாரத்தை நிறுத்தியாயிற்று. கண்ணாடியின் மேல் கறுப்புத் துணி போட்டாயிற்று. ஆவி போவதற்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த ஜன்னல் வழியாக அக்டோபர் மாதத்துக் குளிரும், பக்கத்து வீட்டில் கிண்டிக்கொண்டிருந்த பிளம்ஸ் பழத்தின் வாசனையும்தான் உள்ளே வந்தன. உளிச் சத்தம் வரவில்லை. கீழே முற்றத்தில் மூத்த வேலையாள் பர்த்தோஷ் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை டக் டக்கென்று கல் பேசிக்கொண்டே இருக்கும் வீடு அது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அப்பா செத்துவிட்டார் என்பது அவளுக்கு உறைத்தது.

விடியும்போது போனார். அவள் பால் சுட வைக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது இருமல் கேட்கவில்லை. மணற்கல் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்து போகாது. லோத்தா ஊரில் கல்லை நம்பிப் பிழைத்த ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் இருமி இருமிப் போனார்கள். அப்பா மாதியாஷ் ரிபென்ஸ்கி அவர்களைவிடப் பெரிய கற்களைக் கொத்தினார். ஐந்து ஊர்ச் சதுக்கங்களில் அவர் செய்த ராட்சச உருவங்கள் நிற்கின்றன. குதிரைக்காரன், கொடியேந்தி, துப்பாக்கியைத் தரையில் ஊன்றித் தலைகுனிந்த சிப்பாய். பிராக்கில் ஆற்றங்கரையில்கூட ஒன்று உண்டு. கல்லுடைப்பவன் மகனாகப் பிறந்து, வெறுங்காலோடு சிற்பப் பள்ளிக்கூடம் போய், மந்திரிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்ட மனிதர். ஆனாலும் ஊருக்கு அவர் கடைசி வரை மேஸ்திரிதான். அவரும் அதைத்தான் விரும்பினார்.

நேற்று சாயங்காலம் அவர் பேசிய கடைசி வார்த்தை ஹெட்விகாவுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவள் சூப்பை ஊதி ஊதிக் கரண்டியில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"ஸ்லாவ்கா வந்துட்டாளா?"

"வருவா," என்றாள்.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. சூப் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது.

வெளிக்கதவு கிறீச்சிட்டது. கற்களின் மேல் கனமான காலடி. ஆம்பளை பூட்ஸ் போட்டுக்கொண்டு, அதுவும் லாடம் அடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிற பெண் அந்த வட்டாரத்திலேயே ஒருத்திதான். ஹெட்விகா கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படியேற விடக்கூடாது என்று கால் தானாக வேகம் பிடித்தது.

ஸ்லாவ்கா வாசலில் நின்றிருந்தாள். அப்பாவிடம் கல் வேலை கற்றவள், முப்பது வயதைத் தாண்டியவள். ஆனாலும் ரயிலில் கசங்கின கோட்டும் கலைந்த குட்டை முடியுமாகப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தாள். கண் சிவந்திருந்தது. தோளில் ஒரு துணிப்பை.

"எப்போக்கா?"

"விடியக்காலைல."

"நேத்து ரயிலையே பிடிச்சிருக்கணும். பர்த்தோஷோட தந்தி சாயங்காலம்தான் கைக்கு வந்துது."

தந்தி கொடுக்கச் சொல்லி ஹெட்விகா யாரிடமும் சொல்லவில்லை. பர்த்தோஷை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

ஸ்லாவ்கா பையைத் தரையில் வைத்தாள். வைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு புகை எழுந்து அடங்கியது. "பாரிஸ் சாந்து. புதுசு. இங்க இருக்கிறது ஈரம் கோத்துப் போயிருக்குமோன்னு நானே கொண்டாந்துட்டேன்."

இந்த வீட்டில் சாந்து ஈரம் கோத்ததாக ஒரு நாளும் சரித்திரம் கிடையாது. ஹெட்விகா அதைக் கணப்படுப்புக்கு மேலே, மாவு வைக்கிற இடத்தில், மாவைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"எதுக்கு சாந்து?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

"முகத்தை அச்செடுக்கணுமே. மேஸ்திரி உங்ககிட்ட சொல்லலையா? வசந்த காலத்துல நான் வந்திருந்தப்ப சொன்னாரு. 'நான் போனா நீ வந்து எடு. அந்த சிற்பிகள் சங்கத்துக்காரப் பசங்க எவனும் என் மூக்கைத் தொடக்கூடாது'ன்னு."

சொல்லவில்லை. வசந்த காலம் முழுவதும், கோடை முழுவதும், தினம் மூன்று வேளை அவருக்குத் தட்டு வைத்தவளிடம் சொல்லவில்லை. தாடியை வாரிவிட்டவளிடம், எச்சில் கிண்ணத்தைக் கழுவியவளிடம் சொல்லவில்லை.

"மனசு மாறிட்டாரு," என்றாள். "வேண்டாம்னுட்டாரு."

"எப்போ?"

"நேத்து."

ஸ்லாவ்கா அவளை உற்றுப் பார்த்தாள். கல்லில் உள்வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. அப்பாவிடம் கற்றுக்கொண்டது அதுவும்.

"சரிக்கா," என்றாள். "பார்க்கவாவது பார்க்கலாமா?"

அதற்கு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மேலே போனார்கள். ஸ்லாவ்கா அழவில்லை, சிலுவைக்குறி போடவில்லை. குனிந்து கட்டை விரலால் அவர் புருவ எலும்பை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவினாள். வேலை முடிந்த கல்லைத் தடவிப் பார்க்கிற மாதிரி. ஹெட்விகா அவரைக் குளிப்பாட்டினாள், உடை மாற்றினாள், மருந்து கொடுத்தாள். ஆனால் அப்படித் தொட்டதில்லை. அப்படித் தொடலாம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"நான் கீழ பட்டறைல இருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஸ்லாவ்கா இறங்கிப் போனாள். துணிப்பை வாசலிலேயே கிடந்தது.

ஹெட்விகாவுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு இலையுதிர்காலம் வந்தது. சக்கரவர்த்தி ஆண்ட காலம். களிமண்ணில் ஒரு தலை செய்திருந்தாள். வீட்டில் வேலைக்கு இருந்த கிழவியின் தலை. வாயில் பல் இல்லாமல் உதடு உள்ளே மடிந்திருந்ததை அப்படியே கொண்டுவந்துவிட்டாள். அதைத் தட்டில் வைத்து, மேலே துணி போர்த்தி, அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பிராக்கில் பெண்களுக்குத் தனியாக ஒரு வரைகலைப் பள்ளி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அங்கே போகிறேன் என்று கேட்டாள். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் மோவாயை ஒரு அழுத்து அழுத்தினார். உடனே அது இன்னும் உயிரோடு வந்துவிட்டது. "நல்லாருக்கு," என்றார். பிறகு, "கல்லு வேலை பொம்பளைக்கு ஆகாதும்மா. தோள்பட்டை போயிடும். யார் கட்டுவா உன்னை? போய்ப் பாரு, மாவு பொங்கிடப் போவுது," என்றார்.

அவள் போய் மாவைப் பார்த்தாள். பிறகு அம்மா செத்தாள். பிறகு போர் வந்தது. போர் முடிந்ததும் ஒவ்வொரு ஊரும் தன் பிள்ளைகளின் பெயரைக் கல்லில் வெட்டி, மேலே ஒரு உருவத்தை நிறுத்தவேண்டும் என்று அவரைத் தேடி வந்தது. வேலை குவிந்தது. சாந்து கலக்க, அச்சுகளுக்கு எண்ணெய் தடவ, களிமண்ணைக் காயவிடாமல் துணி நனைக்க, பதினைந்து ஆட்களுக்குப் பொங்கிப் போட ஹெட்விகா வேண்டியிருந்தது. மாதிரிக்கு நிற்கவும் வேண்டியிருந்தது. அந்த ஐந்து சதுக்கங்களில் எந்தப் பெண் உருவத்தைப் பார்த்தாலும் கை ஹெட்விகாவுடையது. துணி மடிப்புக்கு உள்ளே இருக்கும் முழங்கால் அவளுடையது. முகம் மட்டும் வேறு யாராவது ஒருத்தியுடையது. அதைப் பற்றி அவள் ரொம்ப நினைத்ததில்லை, ஸ்லாவ்கா வரும் வரைக்கும்.

மொராவியா பக்கத்திலிருந்து அட்டைப் பெட்டியோடும் தம்பியின் கால்சட்டையோடும் வந்து இறங்கினாள். "கத்துக்கணும். எடுபிடி வேலை கொடுத்தாலும் செய்யறேன்," என்றாள். அப்பா சிரித்தார். அந்த வாரம் முடிவதற்குள் அவள் கையில் உளியைக் கொடுத்தார். தோள்பட்டையைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அந்தப் பெண் எட்டு மாவு உருண்டைகளைக் குழம்பில் தோய்த்து விழுங்கியதைப் பார்த்து, "கல்லுக்காரன் வயிறுய்யா இது!" என்று அப்பா மேசையைத் தட்டினார். ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த உருண்டைகளைப் பிசைந்தவளும் சிரித்தாள். அன்றிலிருந்து ஸ்லாவ்காவுக்கு விளிம்பு உடைந்த கோப்பையில்தான் காப்பி ஊற்றினாள். அந்தப் பெண் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சாரத்தின் மேல் அப்பாவோடு உட்கார்ந்து, ஒரே கூஜாவில் பீர் குடித்துக்கொண்டு, கால்களை ஆட்டிக்கொண்டிருப்பாள். கீழே நின்று, "சாப்பாடு ஆறிப்போகுது!" என்று கத்துவது ஹெட்விகாவின் வேலை.

ஸ்லாவ்கா பிராக்கில் தனிப் பட்டறை வைத்துப் போன பிறகும் வருவதும் போவதும் நிற்கவில்லை. கடைசி வேலைக்கு அவள் முகம்தான்.

இந்த மாதக் கடைசியில், குடியரசு தினத்தன்று, லோத்தாவின் சொந்தச் சதுக்கத்தில் நிறுத்தவேண்டிய தாய்ச் சிலை அது. கழுத்து வரை கொத்தி முடித்துக் கீழே கட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தாள். இரண்டு ஆள் உயரம். இறந்த மகனின் மேலங்கியை ஏந்திய கைகள், அதே ஹெட்விகாவின் கைகள். தலைக்கு மட்டும் இன்னும் வெறும் கல்தான். அது எப்படி வரவேண்டும் என்பது பட்டறைக்குள்ளே களிமண்ணில், ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தது. காலையும் சாயங்காலமும் அந்தச் சாக்கை நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் களிமண் வெடித்துவிடும். இத்தனை வருஷத்தில் ஹெட்விகா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் அதை நனைக்கவில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர் தூங்கும் நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த துணிகளையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஜன்னலை ஒருக்களிக்க வந்தவள் முற்றத்தைப் பார்த்தாள். ஸ்லாவ்கா பட்டறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெளியே வந்து, பம்பை அடித்து, வாளியில் தண்ணீர் பிடித்து, உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். மறுபடி வந்து இன்னொரு வாளி பிடித்தாள். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால்கூட ஹெட்விகாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பர்த்தோஷ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். ஆட்களுக்கெல்லாம் மூத்தவர். ஹெட்விகா பிறந்த வருஷம் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அதனால் அவள் இன்னும் அவருக்குப் பாப்பாதான்.

"பாப்பா, அச்சு வேண்டாம்னாராமே மேஸ்திரி?"

"ஆமா."

"எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரே."

"உங்ககிட்ட ஆயிரம் சொல்லுவாரு, ரெண்டு பீர் உள்ள போனா."

"அதுவும் வாஸ்தவம்தான்." பர்த்தோஷ் படுக்கைப் பக்கம் போய் நின்றார். தொப்பியைத் திருகினார். "பெட்டி மத்தியானத்துக்கு வந்துடும்னு தச்சன் சொல்றான். அப்புறம் ஊரே வரும். சங்கம், பள்ளிக்கூடம், பேண்டு வாத்தியம். ஆளாளுக்கு ஒரு மாலை. யாரும் கிட்ட நெருங்க முடியாது. சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

"தந்தி கொடுங்கன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல," என்றார் பர்த்தோஷ். "நான் பல் தேய்க்கிறதுக்கும் யாரும் சொல்றதில்ல பாப்பா." தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

போஷ்கா தன் வாளியையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள். "கன்னம் உள்ள இழுத்துக்கிட்டே வருது, கவனிச்சியா? காலைல இருந்த மாதிரி இப்ப இல்ல. சாயங்காலம் வேற ஆளா இருப்பாரு. எல்லாரும் அப்படித்தான்."

அவள் போன பிறகு ஹெட்விகா பார்த்தாள். உண்மைதான். மூக்கு கூர்மையாகியிருந்தது. கண்குழிகளில் நிழல் இறங்கியிருந்தது. அந்தப் பெரிய முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோய்க்கொண்டிருந்தது.

அவள் கதவைத் தாழிட்டாள். எனக்குத் தெரியாத வேலையா? எத்தனை அச்சு எடுத்தாயிற்று இந்தக் கையால்? ஸ்லாவ்கா பிறக்கும் முன்னாலேயே சாந்து கலக்கியவள் நான். அந்த நினைப்பு கொடுத்த சூட்டில் மளமளவென்று வேலை நடந்தது. அடுப்படியிலிருந்து அகலக் கிண்ணம் வந்தது. பன்றிக்கொழுப்பு வந்தது. அப்பாவின் முகம் முழுக்கக் கொழுப்பைத் தடவினாள். புருவத்திலும் மீசையிலும் தாடியிலும் அப்பி அப்பிப் படிய வைத்தாள். மூடிய இமைகளின் மேல் மெல்லிய காகிதத்தை நனைத்து ஒட்டினாள். தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, சாந்தைக் கை விரல்களுக்கு இடையே மழைத்தூறல் மாதிரி விழவிட்டாள். அது மூழ்கி, மூழ்கி, கடைசியில் தண்ணீருக்கு மேலே குட்டித் தீவுகளாக நிற்கும் வரைக்கும். பிறகு கையை உள்ளே விட்டுக் குமிழி எழாமல் கலக்கினாள். ஆடை எடுக்காத பால் மாதிரி வந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான் வரும்.

நெற்றியில் முதல் கரண்டி ஊற்றினாள். வழிந்து காதுப் பக்கம் போனது. கன்னத்தில் ஊற்றினாள். அடுத்தது மூக்கு. அடுத்தது வாய்.

கை நின்றுவிட்டது.

விடியும் வரைக்கும் அந்த மூக்குக்கும் வாய்க்கும் காற்றுப் போதாமல்தானே கிடந்தார். ராத்திரியெல்லாம் முதுகுக்குத் தலையணை வைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்து, "இழுங்கப்பா, மெதுவா இழுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அந்த மூக்கில் சாந்தை ஊற்று என்று கைக்குச் சொன்னாள். கை கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். கிண்ணத்துக்குள் சாந்து தயிராகிப் பிறகு வெண்ணெயாகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டது. நெற்றியில் ஊற்றியது பொருக்காக இறுகியது. அவள் அதை நகத்தால் பெயர்த்து எடுத்து, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கரண்டி நிமிர்ந்து நின்ற கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, முற்றத்தைக் கடந்து, முகமில்லாமல் கிடந்த கல் தாயைச் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

ஸ்லாவ்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். களிமண் தலையின் மேல் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஓரத்தில் சாக்கு விலகிய இடத்தில் கன்னத்திலிருந்து கழுத்து வரை ஓடிய வெடிப்பு தெரிந்தது. புது மண்ணால் அதைப் பாதி அடைத்திருந்தாள். தன் முகத்தைத் தானே ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெட்விகா கிண்ணத்தை நீட்டினாள்.

"ரெண்டு பேர் வேணும்," என்றாள்.

ஸ்லாவ்கா கிண்ணத்தைப் பார்த்தாள். இறுகிப்போன சாந்தில் நட்டுக்குத்தலாக நிற்கும் கரண்டியைப் பார்த்தாள்.

"மேஸ்திரி மறுபடியும் மனசு மாறிட்டாரா?"

"ஆமா."

"அடிக்கடி மாறுவாரு," என்று சொல்லிவிட்டு ஸ்லாவ்கா கோட்டைக் கழற்றினாள்.

மேலே வந்ததும் அவள்தான் தாடைக் கட்டை அவிழ்த்தாள். அவர் வாய் திறந்துகொள்ளவில்லை. இதற்குள் இறுகியிருந்தது. மறுபடியும் கொழுப்பைத் தடவிவிட்டு, நெற்றியின் நடுவிலிருந்து மூக்குத் தண்டு வழியாகத் தாடி வரைக்கும் ஒரு நூலை ஓட்டினாள். சாந்து முழுக்க இறுகும் முன் அதை இழுத்து வெட்டினால்தான் பிற்பாடு அச்சு இரண்டாகப் பிரியும். ஹெட்விகா அந்த நூலை மறந்தே போயிருந்தாள். தனியாகச் செய்திருந்தால் தாடியோடு சேர்த்துப் பிய்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும். அவள் புதிதாகச் சாந்து கலக்கினாள். எந்தச் சாந்து என்று ஸ்லாவ்கா கேட்கவில்லை. அடுப்புக்கு மேலே இருந்ததைத்தான் ஹெட்விகா எடுத்துவந்திருந்தாள்.

ஸ்லாவ்கா ஊற்றினாள். நெற்றி, கண், கன்னம். மூக்கு வந்தபோது ஹெட்விகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் கெட்டியா," என்றாள் ஸ்லாவ்கா. ஹெட்விகா திரும்பாமலே கையை மட்டும் நீட்டி, இரண்டாவது கிண்ணத்தைக் கொடுத்தாள். நூலை இழுக்கும் நேரத்தை மட்டும் ஹெட்விகா சொன்னாள். "இப்ப." சரியாக இருந்தது.

பிறகு காத்திருக்க வேண்டும். கட்டிலின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் முகத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கட்டி. சாந்து இறுகும்போது சூடாகும். அதன் மேல் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். ஹெட்விகா கை வைத்தாள். செத்தவர் மேலே உயிருள்ள சூடு. கையை எடுக்க மனம் வரவில்லை. எதிரில் இருப்பவள் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளுங்கக்கா."

"உன்னைச் சேர்த்துக்கிட்டாரே. ஏன்?"

ஸ்லாவ்கா விரலில் ஒட்டியிருந்த சாந்தை உரித்துக்கொண்டிருந்தாள். "நானும் கேட்டேன் ஒருநாள். என்னைப் பத்தி இல்ல. உங்களைப் பத்தி. அந்தக் கிழவி தலை, பரண்மேல கிடந்துது. நான்தான் தூசி தட்டி எடுத்தேன். யார் செய்ததுன்னு கேட்டப்போ, 'ஹெட்விகா'ன்னாரு. அப்ப அவங்களை ஏன் கத்துக்க விடலன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

ஸ்லாவ்கா அடுத்த விரலில் இருந்த சாந்தை உரிக்கத் தொடங்கினாள். தேவாலயத்தில் சாவு மணி அடிக்கத் தொடங்கியது. சின்ன மணி, அவசரமாக அடிப்பது.

"சொல்லு. நான் என்ன குழந்தையா?"

"சிரிச்சாரு. 'அவளை அனுப்பிட்டா சாந்து யார் கலக்கறது? அவ மாதிரி இந்த நாட்டுலயே ஆள் கிடையாது'ன்னாரு."

மணி நின்றது. ஹெட்விகா குனிந்து வெள்ளைக் கட்டியை நகத்தால் சுண்டினாள். சத்தத்தைக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போகணும்," என்றாள்.

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். அகலமான, தோல் வெடித்த, நல்ல கைகள். அவற்றைத் திருப்பி வைத்தாள்.

"நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் ஸ்லாவ்கா.

"நீ எட்டு உருண்டை தின்னதை மட்டும் எங்கிட்ட மறைக்கவா செய்தே? இதையும் சொல்லத்தான் வேணும்."

ஸ்லாவ்கா நிமிர்ந்தாள். "எட்டா? எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

"பிசைஞ்சது நானாச்சே."

மறுபடி சுண்டியபோது கிண்ணென்று பதில் வந்தது. இருவரும் எழுந்தார்கள். ஸ்லாவ்கா மோவாய்ப் பக்கமும் ஹெட்விகா நெற்றிப் பக்கமும் பிடித்து, அவசரப்படாமல், அசைத்து அசைத்துக் கழற்றினார்கள். காற்று உள்ளே புகும் சின்னச் சத்தம் கேட்டது. நூல் போட்ட கோட்டில் பாதி பாதியாகப் பிரிந்து வந்தது. தாடியிலிருந்து நாலைந்து நரைமயிர் சாந்தோடு வந்துவிட்டது. அடியில் அப்பாவின் முகம் கொழுப்பு மினுங்க, கொஞ்சம் சிவந்து, தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. ஹெட்விகா வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். இந்தத் தடவை புருவ எலும்பின் மேல் கட்டைவிரல் ஓரத்திலிருந்து ஓரம் வரை போனது. ஸ்லாவ்கா அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்து, கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தாளா என்று தெரியாது.

"இதை நான் பிராக்குக்குக் கொண்டுபோறேங்க்கா. நல்லா வார்க்கிற ஆள் ஒருத்தர் இருக்காரு. வெண்கலத்துலயே—"

"அச்சு இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகாது."

ஸ்லாவ்கா வாதாட வாயெடுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். "சரி. அப்ப அடக்கம் முடிஞ்சதும் இங்கேயே வார்த்துடுவோம். நீங்க கலக்குங்க—"

"நீ கலக்கு," என்றாள் ஹெட்விகா. "நான் வார்க்கிறேன்."

"உங்க அளவுக்கு எனக்கு வராதுக்கா."

"கத்துக்க."

கீழே வண்டிச் சத்தம் கேட்டது. பெட்டி வந்துவிட்டது. பர்த்தோஷ் யாரையோ, "மெதுவாடா, தூணு இல்ல அது!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். ஸ்லாவ்கா கதவுகளை அகலத் திறந்துவிட இறங்கிப் போனாள். லாடம் அடித்த பூட்ஸ் படிகளில் தடதடத்தது.

அச்சை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள், குழிப்பக்கம் அறையைப் பார்க்க. பகல் வெளிச்சம் அதற்குள் விழுந்து, பள்ளமெல்லாம் மேடாகி, மூக்கும் நெற்றியும் தாடியுமாக முழு முகம் வெளியே வந்து நின்றது. அச்சுக்குள் தெரியும் முகம் நாம் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கமே திரும்பும். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை அது. புதிதாக வேலைக்கு வருபவர்களை அதை வைத்துத்தான் பயமுறுத்துவார்கள். ஹெட்விகாவும் எத்தனையோ பேரைப் பயமுறுத்தியிருக்கிறாள்.

அவள் அழுக்குத் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். மூடிய கண்களோடு முகம் அவள் பின்னாலேயே திரும்பியது. நின்றாள், அதுவும் நின்றது. வாளியைக் கதவுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று அந்தப் பக்கம் நடந்தாள். அதுவும் மெல்லத் திரும்பி, கதவு வரைக்கும் கூட வந்தது.

படியில் பெட்டியைத் தூக்கி வருகிறவர்களின் மூச்சிரைப்பு கேட்டது. ஹெட்விகா வாளியைக் கீழே வைக்காமல் மறுபடியும் அலமாரிப் பக்கம் நடந்தாள்.